சிக்னல் வருகிற இடம்

மூன்று மணிக்கு ஷமீமா மேடம் வருவார். இப்போது இரண்டு ஐம்பது. பத்து நிமிடம் இந்த பஸ் ஸ்டாப்பில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், சும்மா உட்காருவதுதான் எனக்கு இப்போது வராத வேலை. எங்கள் குவார்ட்டர்ஸில் முப்பத்தாறு வீடு, ஒரு வீட்டிலும் போனில் கோடு ஏறாது. கோயமுத்தூருக்கே கரண்ட் அனுப்புகிற ஊரில் ஒரு போன் பேச முடியவில்லை பாருங்க என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இங்கே மட்டும், இந்த சிமெண்டு பெஞ்சின் இடது ஓரத்தில், மூன்று கோடு. ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்தால் ஒன்று. கீழே அணையிலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருக்கிறது, முதலில் பவர்ஹவுஸ் போனது, அப்புறம் குவார்ட்டர்ஸின் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக, இப்போது எதிரே நிற்கிற யூகலிப்டஸ் மரங்களுக்கும் இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. எதுவும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை அவ்வளவுதான், என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐம்பத்து நாலு நாளாக எல்லாவற்றையும் இப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது உன் கை. இது சோறு. இது உன் குழந்தை, அழுகிறாள், எடு. நான் தண்ணீருக்கு அடியில் இருக்கிறேன், மேலே நின்று யாரோ கூப்பிடுகிறார்கள், வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வந்து சேர நேரமாகிறது. இப்போதும் அழுகிறாளா? இல்லை, அது டர்பைன். டர்பைன் ராத்திரி பகல் ஒரே சுருதியில் ஓடுகிறது, அதற்குள் கொஞ்சம் காதைக் கொடுத்தால் பாப்பாவின் அழுகை இருக்கும், மிக்ஸிக்குள்ளும் இருக்கும், தண்ணீர் கொதிக்கிற சத்தத்திலும். நேற்றுக் குளிக்கும்போது மூன்று தரம் குழாயை மூடிவிட்டு நின்று கேட்டேன். மூன்று தரமும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பூங்கொடி அண்ணிதான் கதவுக்கு வெளியிலிருந்து, "பாப்பா தூங்கறா கண்ணு, நீ நல்லா தலைக்கு ஊத்திட்டு வா" என்றார்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு அம்மா இல்லை, நான் காலேஜ் முடித்த வருஷம் போய்விட்டாள், அதனால் பிரசவத்துக்கு யார் கூட இருப்பது என்ற பேச்சு வந்தபோது அண்ணி யாரையும் கேட்காமல் பல்லடத்திலிருந்து ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நல்லவர். அதுதான் சிக்கல். பூண்டை நெய்யில் வதக்கித் தட்டில் வைக்கிறார், என் துணியைத் துவைக்கிறார், பாப்பாவைக் காலில் போட்டுக் குளிக்கவைக்கும்போது "எங்கப்பன் மூக்கு, அப்படியே எங்கப்பன் மூக்கு" என்று அவரே கண்கலங்குகிறார். கெட்டவராக இருந்திருந்தால் இவரால்தான் எனக்கு இப்படி என்று சொல்லிக்கொண்டு அழுதிருப்பேன். இத்தனை நல்ல ஒருத்தரிடம் போய் எதை எடுத்துச் சொல்வது. "எங்க கண்ணு கெளம்பீட்ட இந்தக் குளிர்ல?" என்று வியாழக்கிழமை வந்தால் கேட்கிறார். ஆபீஸ் மீட்டிங் அண்ணி, லீவு விஷயமாப் பேசணும், இங்க சிக்னல் வராது. "பச்சை ஒடம்புக்காரிகிட்ட அப்படி என்ன மீட்டிங்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டே என் காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிவிடுகிறார், கட்டும்போது அவர் விரலில் வசம்பு வாசனை. பொய் எனக்குச் சுலபம். குரலை வைத்தே ஆறு வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன், மோட்டார் பம்பு கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. பயிர் காயுது, கெணத்துல தண்ணி கெடக்குது, உங்க மோட்டார் ஓட மாட்டேங்குது என்று கத்துகிறவர்களிடம், புரியுதுங்க சார், உங்க கஷ்டம் புரியுது, நாளைக்குள்ள ஆள் வந்துருவாருங்க. அந்தக் குரல் தொண்டையில் தனியாக ஒரு இடத்தில் இருக்கிறது, கூப்பிட்டால் வந்துவிடும். போன இரண்டு வியாழக்கிழமையும் ஷமீமா மேடத்திடம் அந்தக் குரலில்தான் பேசினேன். தூக்கம் பரவால்லைங்க மேடம். பசிக்குதுங்க. பாப்பா சிரிக்கிறா மேடம், ஆமாங்க, சந்தோஷமா இருக்கு. பேசி முடித்து போனை அணைத்ததும் கறுப்புத் திரையில் என் முகம் தெரியும். வாய் இன்னும் சிரித்தபடியே இருக்கும்.

இந்த மேடம் வந்ததே தடுப்பூசி போட்ட அன்றைக்கு. ஆறாவது வாரம், ஆரம்ப சுகாதார நிலையத்தில், சிஸ்டர் ஒரு தாளைக் கொடுத்து டிக் பண்ணச் சொன்னார். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தூக்கம் வராமல் அழுகிறீர்களா என்று பத்துக் கேள்வி. பரீட்சைபோல எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகப் பார்த்து அடித்தேன். சிஸ்டர் தாளை அவ்வளவாகப் பார்க்கவில்லை. பாப்பா அண்ணியின் தோளில் வீறிட்டுக்கொண்டிருக்கிறாள், நான் பக்கத்திலேயே இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறேன், அதைப் பார்த்தார். "கை குளுருதா?" ஆமாங்க என்றேன். மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு நம்பர் எழுதி, "திருச்சியிலேர்ந்து வீடியோல பேசுவாங்க, பிரசவமான பொம்பளைங்களுக்குன்னே இருக்காங்க, யாருக்கும் தெரியாது, பேசிப் பாருங்க" என்று என் பையில் அவரே வைத்தார். குளிரவில்லை எனக்கு. கை அங்கே இருந்தால் நல்லது என்று வைத்திருந்தேன். கை. முப்பத்தோராம் நாள். நாலு நாள் மழைக்கு அப்புறம் வெயில் வந்திருந்தது, இங்கே வெயில் வந்தால் எல்லாரும் எதையாவது காயப்போட ஓடுவார்கள், நான் பாப்பாவை எடுத்துக்கொண்டு அணைமேல் போகிற பாதையில் நடந்தேன். இடுப்பு உயரத்துக்கு மதில். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் பச்சையாக, அசையாமல், துணியை விரித்து இஸ்திரி போட்டதுபோல. அப்போது என் கை விரிந்தது. விரியவில்லை. விரிந்ததைப் பார்த்தேன். விழுவதைப் பார்க்கவில்லை, அதற்கு அப்புறம் இருந்த அமைதியைத்தான் பார்த்தேன், தண்ணீர் திரும்ப மூடிக்கொண்டு, பச்சையாக, ஒரு சத்தமில்லாமல், எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குனிந்து பார்த்தால் பாப்பா என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்தேன், தையல் போட்ட இடம் சுரீர் சுரீரென்று இழுத்தது, வீட்டுக்குள் வந்து அவளைப் பாயில் போட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றேன், அண்ணி "வெயில் ஏறிடுச்சா கண்ணு?" என்றார். அன்றிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு நிலைப்படி தாண்டியதில்லை. படுத்துக்கொண்டுதான் பால் கொடுக்கிறேன், கீழே போட முடியாது பாருங்கள். அரிவாள்மணையை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளி வைக்கிறேன், அண்ணி தேடி எடுக்கிறார், மறுபடி தள்ளி வைக்கிறேன். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறதா என்று காதால் துழாவிக்கொண்டே இருக்கிறேன், அண்ணியின் இருமல், அண்ணியின் வளையல். ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஊருக்குப் போகிறார். மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட். ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் அந்த வீட்டில் பாப்பாவும் நானும் இந்த இரண்டு கையும்.

போன் அதிர்கிறது. காதில் வயரைச் செருகிப் பச்சையைத் தொட்டதும் திருச்சி வந்துவிட்டது, பூப்போட்ட திரைச்சீலை, மின்விசிறிக் காற்றில் அது உப்பி அடங்குவது, மேடத்தின் கண்ணாடி, எங்கோ உள்ளே ஒரு குக்கர். "கேக்குதாம்மா கோகிலா? என்ன பின்னாடி ஒரே வெள்ளையா இருக்கு?" பனிங்க மேடம். "இங்க கொளுத்துது. கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பி விடுங்க." சிரித்தேன், அந்தக் குரல்தான் சிரித்தது. பனிக்குள்ளிருந்து ஒரு பொம்பளை வந்தாள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், காரட் கழுவுகிற இடத்தில் வேலை முடிந்து வருகிறாள் போல, என் வயசுதான் இருக்கும். பெஞ்சின் அந்தப் பக்கம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து வேர்க்கடலை தின்ன ஆரம்பித்தாள். நாலு மணி பஸ்ஸுக்கு இப்போதே வந்துவிட்டாள். போச்சு. இன்றைக்கும் பரவால்லைங்க மேடம் என்று முடித்துக்கொள்ள வேண்டியதுதான், அடுத்த வியாழக்கிழமை சொல்லிக்கொள்ளலாம், அடுத்த வியாழக்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, திங்கள், செவ்வாய். "போன தடவை நீங்க நல்லா இருக்கேன்னு பதினோரு தடவை சொன்னீங்க" என்கிறார் மேடம். "நான் குறிச்சு வெச்சேன். நல்லா இருக்கறவங்க அத்தனை தடவை சொல்ல மாட்டாங்கம்மா. இன்னைக்கு நேராவே ஒண்ணு கேக்கறேன், எல்லா அம்மாக்கள்கிட்டயும் கேக்கறதுதான். குழந்தைக்கு உங்களாலயே ஏதாவது ஆயிடுமோன்னு நெனப்பு வருதா?"

குரலைக் கூப்பிடுகிறேன். வரவில்லை. தொண்டையில் அந்த இடம் காலியாக இருக்கிறது, பஸ் போன பிறகு இருக்கிற ரோடு மாதிரி. என் செருப்பைப் பார்க்கிறேன், கட்டை விரலில் மருதாணி வைத்த கறை நகத்தின் நுனிக்கு ஏறியிருக்கிறது, வளைகாப்புக்கு வைத்தது, இன்னும் கொஞ்ச நாளில் நகத்தை வெட்டினால் போய்விடும். செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், வருதுங்க மேடம், அணைமேல நின்னப்ப கையை விட்டுட்ட மாதிரி, தெனமும் வருதுங்க, கண்ண மூடினா வருது. சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மேடத்தின் கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, திரைச்சீலை உப்பியபடியே நிற்கிறது. நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது. இருபத்து மூன்று நாள் சுமந்ததை ஒரு படத்திடம் சொல்லியிருக்கிறேன். வட்டம் சுற்றுகிறது. கேட்டிருப்பாரா? கேட்டுவிட்டுத்தான் இப்படி ஆகிவிட்டாரா, ஒருத்தி இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகம் இப்படித்தான் உறைந்துபோகுமா. போலீசுக்குச் சொல்வார்களா, பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா, எடுத்துக்கொண்டு போனால் நல்லதுதானே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, அது தோன்றியதும் நெஞ்சில் பால் குத்துகிறது, உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை, அது பாட்டுக்குச் சுரக்கிறது. வட்டம் நின்றது. திரைச்சீலை அடங்கியது. "கோகிலா? கட் ஆயிடுச்சும்மா. நான் கேட்டதுக்கு அப்புறம் எதுவுமே விழலை. மறுபடி சொல்லுங்க."

மறுபடி. இப்போது அந்தக் குரல் வந்துவிட்டது, நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மேடம், தூக்கம்தான் கொஞ்சம் கம்மி. எவ்வளவு சுலபம். அந்தப் பொம்பளை கடலைத் தோலை ஊதுகிறாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, நான் எழுந்து வீட்டுக்குப் போகலாம், அண்ணி டீ வைத்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை அண்ணி பஸ் ஏறிவிட்டால் வீட்டில் பாப்பாவும் நானும்தான். "கோகிலா, இருக்கீங்களா?" ஒரு கோடு குறைந்திருக்கிறது, மெதுவாகச் சொன்னால் மறுபடி விழாது. சத்தமாகச் சொன்னேன். "எங்கொழந்தையை நானே அணையில போட்டுருவனோன்னு பயமா இருக்குங்க மேடம்." பனியில் சத்தம் எங்கேயும் போகாது, பக்கத்திலேயே நிற்கும். அந்தப் பொம்பளையின் கை பொட்டலத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. என்னைப் பார்த்தாள். எழுந்தாள். கத்தப்போகிறாள், குவார்ட்டர்ஸுக்கு ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். சாக்கை எடுத்து மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அப்போதுதான் தொடங்கிய தூறலில் இறங்கி, ரோட்டோரம் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். பூட்ஸ் மேல் தூறல் விழுகிறது, அவள் திரும்பவே இல்லை.

அப்புறம் எல்லாம் மெதுவாக, கேள்வி கேள்வியாக வருகிறது. மேடத்தின் முகம் மாறவில்லை, அதையே பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறேன். "அப்படிச் செய்யணும்னு தோணுதா, செஞ்சிருவோமோன்னு பயமா?" பயங்க. "செய்யச் சொல்லி யாராவது சொல்ற மாதிரி காதுல விழுதா?" இல்லைங்க, அழற சத்தம் மட்டும் கேக்கும். "எவ்வளவு நேரம் தூங்கறீங்க, நெசமா?" ஒரு மணி நேரம். சில நாள் அதுவும் இல்லைங்க. "நாம செத்துட்டா பரவால்லன்னு?" இந்தக் கேள்விக்கு நான் அந்தப் பொம்பளையின் முதுகைப் பார்க்கிறேன். ரெண்டு தடவைங்க. நான் இல்லைன்னா அவளை அண்ணி நல்லா வளர்த்துருவாங்கன்னு. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கண்ணாடி இல்லாத முகம் வேறு ஒருத்தருடையது, களைத்த முகம், எனக்கு அது பிடிக்கிறது. "கோகிலா, இந்த மாதிரி நெனப்பு வந்து நடுங்கற அம்மாக்களை வாரத்துக்கு மூணு நாலு பேரைப் பாக்கறேன். இது சீக்கு. காய்ச்சல் மாதிரி சீக்கு. உங்க கொணம் இல்ல. ஆனா பேசி மட்டும் நான் இதைச் சரி பண்ண முடியாது. நாளைக்கே டாக்டரைப் பாக்கணும், பால் கொடுக்கறவங்களுக்கு ஒத்துக்கற மாத்திரை இருக்கு. அது வரைக்கும் நீங்களும் பாப்பாவும் தனியா இருக்கக் கூடாது, ஒரு மணி நேரங்கூட. வீட்ல யார்கிட்ட சொல்லலாம்?" யாருக்கும் தெரியாதுன்னு சிஸ்டர் சொன்னாங்களே மேடம். "ஊருக்குத் தெரிய வேண்டாம்மா. கூட இருக்கறவங்களுக்குத் தெரியணும்." கூட இருக்கிறவர்கள். அதற்குப் பிறகு அண்ணி என்னை எப்படிப் பார்ப்பார். தூங்கும்போது பிள்ளையைத் தன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்வார். நான் டம்ளர் எடுத்தால்கூட என் கையைப் பார்ப்பார்.

பனிக்குள் ஒரு ஹாரன், கொஞ்சம் கழித்து இரண்டு மஞ்சள் வெளிச்சம், வெளிச்சத்துக்குப் பின்னால் பஸ். மஞ்சூரில் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போன என் வீட்டுக்காரர் முன் படியிலிருந்து இறங்குகிறார். கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் ஊதுகிறார், ஏறுங்கம்மா என்று. "அவங்க பேசிட்டிருக்காங்க, வரல, போலாம்" என்று அந்தப் பொம்பளை சொல்லிக்கொண்டே சாக்கைச் சுருட்டி ஏறிவிட்டாள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை நான். பஸ் திரும்பிப் போகிறது. அவர் பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டுகிறார். "வாங்கியாச்சு. பேர் எழுதற எடம் மட்டும் காலியா இருக்குது, சீக்கிரம் முடிவு பண்ணுங்கன்னு சொல்றாங்க. என்ன, இன்னும் மீட்டிங் முடியலையா?" மழைத்துளி புருவத்தில், சந்தோஷமான முகம். அந்த முகத்தைக் கெடுக்கப்போகிறேன். காதுக்குள் மேடம், "அவர்தானா? நான் லைன்லயே இருக்கேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்கிறார். "இது ஆபீஸ் இல்லைங்க" என்கிறேன் அவரிடம். வயரின் ஒரு முனையைக் கழற்றி நீட்டினேன். அவர் பெஞ்சின் அந்தப் பக்கம் உட்காரப் போனார். "இந்தப் பக்கம் வாங்க, அங்க சிக்னல் கெடைக்காது." பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், காதில் வைத்துக்கொண்டார், நானே சொன்னேன். மூன்றாவது தடவை சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் சின்னதாகிறதா அல்லது எனக்கு மரத்துப்போகிறதா தெரியவில்லை. அணை, மதில், கை, அரிவாள்மணை, ஞாயிற்றுக்கிழமை. சொல்லச் சொல்ல அவர் கவரை மடித்து மடித்துச் சின்னச் சதுரமாக்கிவிட்டார், உள்ளே சான்றிதழ். நான் முடித்த பிறகு என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்து, "அவ தூங்கறான்னு நெனச்சுட்டு இருந்தனுங்க மேடம். தெனமும் கண்ண மூடிட்டுத்தான் படுத்திருப்பா" என்றார், அந்தக் கடைசி வார்த்தையில் குரல் உடைந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே, "சரியாயிடுங்களா?" "ஆயிடும். ஒரே நாள்ல இல்ல. ஆனா ஆயிடும்." டாக்டர் பேர், நேரம், ராத்திரியில் ரொம்ப மோசமானால் கூப்பிட வேண்டிய நம்பர் என்று மேடம் சொல்லச் சொல்ல அவர் சட்டைப்பை பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், பேப்பர் கையிலேயே இருந்தும்.

வீட்டுக்குப் படி இறங்கினோம். ஒரு இடத்தில் படி வழுக்கும், அங்கே மட்டும் "பாத்து" என்றார். அடுப்படியில் அவர் அண்ணியிடம் சொல்வது எனக்குக் கேட்கிறது, வார்த்தையாக இல்லாமல் ஒரு முனகலாக, நடுவில் அண்ணியின் "அய்யோ சாமி" மட்டும் தெளிவாக. பாப்பா பாயில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறாள். நான் சுவரோரம் நிற்கிறேன். இப்போது அண்ணி வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார், போகட்டும். அண்ணி வந்தார். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு பாப்பாவை எடுத்தார். "உக்காரு" என்றார் என்னிடம். நான் படுக்கப் போனேன். "படுக்க வேண்டாம், உக்காரு கண்ணு." உட்கார்ந்ததும் பாப்பாவை என் மடியில் வைத்துவிட்டு எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து முதுகோடு முதுகு சேர்த்துக்கொண்டார். "சாஞ்சுக்க. நான் எங்கயும் போகல." ஞாயித்துக்கெழமை கெளம்பணுமே அண்ணி, பரீட்சை வருதே, என்றேன். "பரீட்சை எழுதறது அவதான, நானா? அவ அப்பன் சோறாக்கிப் போடட்டும், ஒரு மாசத்துக்கு உப்பில்லாமத் தின்னா அப்பனுக்கும் மகளுக்கும் ஒண்ணும் ஆயிராது." முதுகு குலுங்குகிறது, சிரிக்கிறாரா அழுகிறாரா எனக்குத் தெரியவில்லை, திரும்பிப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறார். பாப்பா குடிக்கிறாள். வாசலில் செருப்புச் சத்தம், டாக்டருக்கு நேரம் உறுதி பண்ண அவர் மறுபடி மேலே ஏறிப் போகிறார், குடை எடுக்கவில்லை. பயம் போகவில்லை, அதோ சுவரோரம் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஆனால் அதை இப்போது நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மணி ஐந்துகூட ஆகியிருக்காது. "பால் குடிச்சதும் பாப்பாவை நான் வாங்கிக்கறேன், நீ கண்ண அசரு" என்கிறார் அண்ணி, அவர் பேசுவது என் முதுகெலும்பு வழியாகக் கேட்கிறது. சரிங்கண்ணி என்கிறேன், எந்தக் குரலில் சொன்னேன் என்று தெரியவில்லை, கரகரவென்று, மூக்கடைத்து, இத்தனை வருஷம் யாரிடமும் இந்தக் குரலில் பேசியதில்லை. அண்ணி மூச்சு விடும்போதெல்லாம் நானும் கொஞ்சம் ஏறி இறங்குகிறேன், பாப்பாவும் கொஞ்சம் ஏறி இறங்குகிறாள், கண் சொக்குகிறது.